அந்த வாளையைக் கடித்தது யார்

ஜனவரி 7, செவ்வாய்

மூத்த பேரன் கப்பலில் இரண்டாம் என்ஜினியர் ஆகிவிட்டான். தோள்பட்டையில் ஒரு கோடு கூடியிருக்கிறது. அவன் தங்கை பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம். போன பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவது. முதலாவது வந்தவள் வாத்தியாரின் மகள், அதனால் நம்மவள்தான் முதல் என்று நான் வைத்திருக்கிறேன். சின்னப் பேரன் நானூறு மீட்டர் ஓட்டத்தில் கோப்பை வாங்கினான். இந்த மூன்றும் மகன் வீடு. மகள் வீட்டில் ஒன்றே ஒன்று, சின்னவள். அப்பா அம்மாவோடு, என்னோடு, ஒரே வீட்டில் இருக்கிறாள். மியூசியத்தில் மீன் பிரிவில் ஆராய்ச்சி. மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பம் மீனை வெட்டியது, விற்றது, தின்றது. அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

இதையெல்லாம் இன்று மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரி கத்தியைத் தீட்டிக்கொண்டே, "உங்க வீட்டுப் பூனை எந்தக் காலேஜ்ல படிக்குதுக்கா?" என்றாள். பொறாமை. அவள் வீட்டில் எட்டாவதைத் தாண்டியவர் கிடையாது. நான் ஐந்தாவது என்பது வேறு விஷயம். நான் தாண்டவில்லை, மற்றவர்களைத் தாண்ட வைத்தேன்.

சின்னவள் சாயங்காலம் வந்ததும் பெரிய ஆற்று வாளை ஒன்று வேண்டும் என்றாள். தலை சேதமில்லாமல். மியூசியத்தில் புது மண்டபம் திறக்கிறார்களாம். அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி அவள் பொறுப்பு. ஒரு பக்கம் ஆற்று வாளையின் தலையும் செவுளும். மறுபக்கம் திமிங்கலச் சுறாவின் செவுள். ஒன்று கடித்து விழுங்குவது, ஒன்று வடிகட்டிக் குடிப்பது. இரண்டு வாயையும் ஜனங்கள் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம்.

கேட்டவள் யார், என் பேத்தி. கொண்டுவந்து தருகிறேன்.

ஜனவரி 9, வியாழன்

சுறாவின் படத்தைக் காட்டினாள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"எவ்வளவு நீளம்டி?"

"பஸ் நீளம் பாட்டி. சிலது அதுக்கும் மேல."

"என்ன தின்னும்?"

"தண்ணியில மிதக்கற பொடிப் பொடி உயிருங்க. கூனி இறால், மீன் முட்டை. வாயைத் திறந்து தண்ணியோட உறிஞ்சும். செவுள்ல சல்லடை இருக்கு. தண்ணி வெளிய போயிடும், தீனி உள்ள நின்னுடும்."

"இத்தனை உடம்பை வச்சிக்கிட்டு வடிகட்டிக் குடிக்குதா? வெட்கமா இல்ல அதுக்கு?"

மூவாயிரம் பல் இருக்கிறதாம். ஒவ்வொன்றும் அரிசி அளவு. ஆனால் கடிக்காதாம். பல் டாக்டருக்குப் படிக்கிறவளிடம் போனில் சொன்னேன், "ஐயோ பாட்டி, அது வாயைத் திறந்தா எனக்கு ஆயுசுக்கும் வேலை" என்று சிரித்தாள். சின்னவளிடம், பிறகு பல் எதற்கு என்று கேட்டேன். "சரியாத் தெரியல பாட்டி" என்றாள். எனக்கு அது பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு அறுபது வயசு ஆனது.

எனக்கு வாளையைத்தான் தெரியும். செதில் கிடையாது, நீள மீசை, கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய். மார்க்கெட்டில் எனக்கே வாளை என்றுதான் பட்டப்பெயர். எல்லாம் இந்த வாயால்.

ஜனவரி 18, சனி

மீன் கொண்டுவரும் லாரிக்காரர் பெரிய வாளை தருகிறேன் என்ற சொல்லைக் காப்பாற்றினார். நிறுத்திப் பிடித்தால் என் நெஞ்சு உயரம். இப்படி ஒரு வாளை பார்த்து நாலு வருஷம் ஆயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு சின்னவள் வந்து நான் மீன் வெட்டும் கட்டை எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கன்னத்து வழியாகக் கத்தி போட்டால் செவுள் வளையம் முறிந்துவிடும். அடித்தொண்டையில் ஆரம்பித்து, நாக்கின் வேரை விடுவித்து, நாலு ஜோடியையும் ஒரே கொத்தாக உருவ வேண்டும். உருவினேன். ஒரு வளையம் கூட ஒடியவில்லை. எதிர்க்கடைக்காரியே "ம்" என்றாள். அவள் வாயிலிருந்து "ம்" வருவது பெரிய விருது.

வளையத்தின் உள்பக்கம் முட்கள், தள்ளித் தள்ளி, பல் உதிர்ந்த சீப்பு மாதிரி. "இதுல எதுவும் வடியாது" என்றாள் சின்னவள். "எதுக்கு வடியணும்? உள்ள போனது திரும்பி வராம இருந்தா போதும்" என்றேன். வயிற்றைத் திறந்தால் உள்ளே ஒரு மீன், வாளையின் நீளத்தில் கால்வாசி, தலை உள்பக்கமாக. எப்போதும் தலையைத்தான் முதலில் விழுங்கும். முதுகு முள் மடங்கிவிடும். வாலை முதலில் விழுங்கினால் தொண்டையில் குத்தும். எத்தனை தடவை பார்த்திருக்கிறாய் என்று கேட்டாள். எண்ணினவள் யார்? பத்துக்கு ஒன்பது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் சொன்னதை இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

முதுகு பிடித்துக்கொண்டது. இந்த நோட்டில்கூட வாளை நாற்றம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சின்னவளின் கை மருந்துத் தண்ணீரில் ஊறித் தோல் உரிகிறது. வாளைத் தலையைக் கெடாதபடி பதம் பண்ணி முடித்துவிட்டாள். சுறாவின் செவுள் மியூசியக் கிடங்கில் பல வருஷமாக மரப்பெட்டிக்குள் கிடந்ததாம். எப்போதோ கரை ஒதுங்கிய ஒன்றின் செவுள். மூன்று வாரம் உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் தூசி எடுத்திருக்கிறாள். கருப்பாய், கடற்பஞ்சு மாதிரி இருக்கிறதாம்.

பெட்டியில் வைக்கப்போகிற எழுத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். வாளையை "கொடூரமான மீன்" என்று எழுதியிருந்தாள். "பசிச்சுத் தின்னா கொடூரமா? அப்ப நீ நேத்து ராத்திரி தட்டைக் காலி பண்ணியே, அது என்ன?" என்றேன். சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையை அடித்துவிட்டாள்.

இந்தப் பெட்டி நன்றாக அமைந்தால், கடலோர ஆய்வு நிலையத்தில் உயிரோடு இருக்கிற சுறாவைப் பின்தொடர்கிற வேலை கிடைக்கும். ஒரே ஓர் இடம். அதற்குத் துறைத் தலைவர் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல மனிதராம், குரலை உயர்த்திப் பேசவே மாட்டாராம்.

மார்ச் 8, சனி

மண்டபத் திறப்பு. அவள் பேர் இல்லை. எழுத முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

எதிர்க்கடைக்காரியையும் இறால் உரிக்கிற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல புடவை கட்டி. என் பேத்தியின் பெட்டியைப் பாருங்கடி என்று பஸ்ஸில் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

அழகாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் வாளை, திறந்த வாயும் பல்லுமாய். பக்கத்தில் நான் உருவிய செவுள். அந்தப் பக்கம் சுறாவின் சல்லடை, கதவு அகலத்துக்கு. கீழே எழுத்து. நான் மெதுவாகத்தான் படிப்பேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சின்னவள் எனக்குப் படித்துக் காட்டிய அதே வாக்கியங்கள். தலையை முதலில் விழுங்கும் என்று நான் சொன்னதுகூட இருந்தது. கடைசி வரி: ஆற்றில் சேகரித்து, அறுத்து, ஆராய்ந்தவர் — துறைத் தலைவர். அவர் பேர், பேருக்குப் பின்னால் பட்டங்கள் ஒரு கூடை.

திரும்பவும் படித்தேன். மாறவில்லை.

"அக்கா, பேத்தி பேரு எங்க?" என்றாள் எதிர்க்கடைக்காரி.

"பின்பக்கம் இருக்கும்" என்றேன். பெட்டிக்குப் பின்பக்கம் கிடையாது. சுவர்தான்.

அது போதாதா? இல்லை. இறால் உரிப்பவர்களில் கண்ணாடி போட்டவள் ஒருத்தி, பெட்டியோடு மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைப் படிங்க" என்று சிரிக்க ஆரம்பித்தாள். வாளையின் செவுள் மூடியை நோக்கி ஒரு அம்புக்குறி. அதில்: "இங்கே காணப்படும் இரண்டு சாய்ந்த தழும்புகள் மற்றொரு வேட்டை மீனுடன் நடந்த சண்டையில் ஏற்பட்ட கடிகாயங்கள்."

கடிகாயமாம்!

கூட்டமான நாளில் பத்துப் பேர் மீன் ஒரே நேரத்தில் கட்டைக்கு வரும். தலை மாறிப்போனால் சண்டை. அதனால் எங்கள் மார்க்கெட்டில் வெட்டுகிற ஒவ்வொருத்தருக்கும் ஓர் அடையாளம். கத்தியை எடுத்ததும் செவுள் மூடியில் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. எதிர்க்கடைக்காரிக்குக் குறுக்கே ஒன்று. எனக்குச் சாய்வாய் இரண்டு. முப்பத்தெட்டு வருஷமாய்ச் சாய்வாய் இரண்டு. அன்றைக்கும் கை தானாகப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு பெரிய படிப்பாளி, மீன் கடித்தது என்று எழுதிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்.

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் சின்னவள் தட்டில் பழச்சாறு வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெட்டி. அவள் தட்டு ஏந்துகிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததே அதிகம்.

"பேரு இல்லைன்னு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியும் பாட்டி."

"தெரிஞ்சுமா என்னைப் புடவை கட்டிக்கிட்டு வர விட்டே?"

 பிறகு மெல்ல மெல்ல வந்தது. கடையில் வாங்கிய மீனை மியூசியம் சேர்த்துக்கொள்ளாதாம். எந்த ஆறு, எந்த இடம், யார் பிடித்தது என்று படிவத்தில் இருக்க வேண்டுமாம். இவள் என்ன செய்தாள்? "ஆற்றில் சேகரித்தது" என்று எழுதிவிட்டு, யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டாள். அறுத்தவர் என்ற இடத்தையும். துறைத் தலைவர் வந்தார். வெறும் இடத்தில் தன் பேரைப் போட்டுக்கொண்டார்.

வெறும் இடம் விட்டால் எவனாவது வந்து உட்காருவான். மார்க்கெட்டில் முதல் நாள் கற்றது அது. ஐந்தாவது படித்தவளுக்குத் தெரிந்தது, இத்தனை படித்தவளுக்குத் தெரியாதா?

"அந்த ரெண்டு வெட்டைப் பார்த்து என்னன்னு கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"...தெரியாதுன்னு சொன்னேன்."

தெரியாதாம். மூன்று வயசிலிருந்து என் கட்டைக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு என் வெட்டுத் தெரியாதாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மதிப்பேன். தெரிந்ததையே தெரியாது என்றால் அதற்கு என்ன பேர்?

"கையெழுத்து வேணும் பாட்டி. பத்தொன்பதாம் தேதி போடறேன்னிருக்கார். அது வரைக்கும் பேசாம இரு. உன் காலைப் பிடிக்கிறேன்."

மார்ச் 14, வெள்ளி

கோபம் குறையும் என்று பார்த்தேன், ஏறுகிறது. நேற்று வெட்டிய மீனிலெல்லாம் ரெண்டு வெட்டு, ரெண்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் முகம். பஞ்சு என்று பேர் வைத்திருக்கிறேன் அவருக்கு. பஞ்சு மாதிரிப் பேச்சு.

வாளை வருகிறது என்றால் குளமே கலங்கும். சின்ன மீனெல்லாம் ஓடிப் பிழைக்கும். இந்தச் சுறா மாதிரி ஆட்கள்? சத்தமில்லை, பல்லைக் காட்டுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு மெதுவாய் வருவார்கள். அடுத்தவர் உழைப்பெல்லாம் தண்ணீரோடு உள்ளே போகும். உள்ளே போனதே தெரியாது.

இதைச் சின்னவளிடம் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்! "அவரைச் சுறாவோட சேர்க்காதே பாட்டி. சுறா பாவம். அது யாரோடதையும் எடுக்கல. கடல்ல மிதக்கறதைக் குடிச்சிட்டுப் போகுது." சுறாவுக்காகக் கத்துகிறாள். தனக்காகக் கத்தவில்லை. மூவாயிரம் பல் இருந்தும் கடிக்காத பிராணி எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மார்ச் 18, செவ்வாய்

போய்விட்டேன்.

கட்டையில் காலையில் வெட்டிய வாளையின் செவுள் மூடி ஒன்றைக் கழுவித் துடைத்து, தாளில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டேன். வாசலில் காவலாளி மூக்கைச் சுருக்கினார். "அம்மா, பையில என்ன?" "மீன் எலும்பு." "உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா." "உள்ள இருக்கறதெல்லாம் பின்ன என்னய்யா, பூங்கொத்தா?" அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் தடுக்க முடியாது. உள்ளே போனேன்.

பஞ்சு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்துக்குப் பெட்டியை விளக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் பக்கத்தில் குச்சி பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப் போயிற்று. பார்த்தேன். பார்த்தும் நிற்கவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும், பார்த்தும் நிற்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்த வாளையைக் கடிச்சது யாரு?"

"வேறொரு பெரிய மீன் அம்மா. ஆற்றுக்குள் பெரிய சண்டையெல்லாம் நடக்கும்" என்றார், அத்தனை இனிமையாக.

தாளைப் பிரித்து செவுள் மூடியைக் கண்ணாடி மேல் வைத்தேன். சாய்வாய் இரண்டு. அதே இடம், அதே சாய்வு, அதே இடைவெளி.

"இதையும் அதே மீன்தான் கடிச்சிருக்குங்க. இன்னிக்குக் காலையில. பதினோராம் நம்பர் கடையில இருக்கு அந்த மீன். முப்பத்தெட்டு வருஷமா ஊர் வாளையையெல்லாம் கடிக்குது. நான்தாங்க அது."

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். ஒரு பெண் கையைத் தூக்கி, "சார், அப்ப நீங்க ஆத்துல பிடிக்கலையா?" என்றது. தங்கமான பெண், நன்றாக இருக்கட்டும்.

பஞ்சுவின் முகம் மாறவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "அம்மா, உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது" என்றார். என் உணர்வு! நான் உணர்வைக் காட்டவில்லை, எலும்பைக் காட்டினேன். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார்.  வெறுமனே பார்த்தார்.

மார்ச் 19, புதன்

கையெழுத்துப் போடவில்லை. "இப்போது சூழல் சரியில்லை, பிறகு பார்க்கலாம்" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாராம்.

சின்னவள் துணியை எடுத்துப் பையில் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கதவருகில் நின்று சொன்னாள்: "நீ கடிச்சிட்டுக் கரையேறிட்டே பாட்டி. நான் அங்கதானே நீந்தணும்."

கூட வேலை பார்க்கிறவளின் அறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

நாள் முழுக்க வெட்டினேன். யாரோடும் பேசவில்லை. எதிர்க்கடைக்காரி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று மகள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இரண்டு வாரமாக ஒரு வார்த்தை கேட்காதவள்.

"அம்மா, நீ அவளுக்காகப் போனியா, உன் வெட்டுக்காகப் போனியா?"

"அவளுக்காகத்தான். பின்ன?"

"அப்ப அவ பேரு ஏன் இல்லைன்னு கேட்டிருப்பியே. கடிச்சது யாருன்னு கேட்டுட்டு வந்திருக்கே."

மிஷினை மறுபடி ஓட்டினாள். நான் எழுந்து வந்துவிட்டேன். என் மகள், என் வயிற்றில் பிறந்தது, எலும்பு பார்த்து வெட்டுகிறாள்.

அவளுக்காகத்தான் போனேன். போனேனா? அங்கே நின்றபோது சின்னவள் பேர் என் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. என் வெட்டை ஒரு மீன் கடித்தது என்று எழுதிவிட்டான், அதுதான் என்னை எரித்தது. என்னைத் தெரியாது என்று அவள் சொன்னது அதைவிட. அவளைக் காப்பாற்றப் போகவில்லை. அவள் முன்னால் நின்று, என்னைத் தெரியுமா தெரியாதா சொல்லடி என்று கேட்கப் போனேன். கேட்டும் தொலையவில்லை.

எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடிகாயம் என்ற வரியை எடுத்துவிட்டார்கள். பஞ்சுவின் பேர் அப்படியே இருக்கிறது. எதிர்க்கடைக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மார்க்கெட் முழுக்க முறை வைத்துப் போய் வருகிறார்கள். பெட்டி முன்னால் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எங்க அக்கா வெட்டினது, செவுளைப் பாருங்க, ஒண்ணாவது ஒடிஞ்சிருக்கா?" என்கிறார்களாம். காவலாளி இப்போது பையைக்கூடப் பார்ப்பதில்லையாம்.

"பேத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"குடிக்கத் தண்ணி குடுத்தா. உங்களைப் பத்திக் கேக்கல" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். பாவி, இன்றைக்கென்று உண்மை பேசுகிறாள்.

மே 13, செவ்வாய்

மகள் சொல்லித்தான் தெரியும். சின்னவள் படிவத்தைப் புதிதாக எழுதி மியூசிய இயக்குநரிடம் நேரே கொடுத்துவிட்டாளாம். மீன் மார்க்கெட்டில் வாங்கியது. ஆற்றில் சேகரித்தது என்று முன்பு எழுதியது தவறு, அந்தத் தவறு தன்னுடையது. பதம் செய்தது அவளே. அறுத்தது இன்னார் என்று என் முழுப் பேர். யாரையும் திட்டவில்லையாம். பஞ்சுவைப் பற்றி ஒரு வரி இல்லையாம். என்னைக் கேட்டு எழுதியிருந்தால் நான் நாலு பக்கம் சொல்லியிருப்பேன்.

தப்பான தகவல் கொடுத்ததாக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அவளுக்கு! பேரைத் திருடியவனுக்கு என்ன வந்தது? ஒன்றும் இல்லை. அவன் இன்னும் அதே நாற்காலியில், அதே குரலில்.

 ஆனால் ஒன்று. நான் வெட்டியதை அவள் தெரியாது என்று சொன்னாள். இப்போது தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இந்த வீட்டில் யாரும் வாங்காத பட்டம் அது. மார்க்கெட்டில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். முடியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

கடலோர நிலையத்துக்கு அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. படகில் உதவியாள் வேலை இருக்கிறது, வருகிறாயா என்றார்களாம். வருகிறேன் என்றுவிட்டாள். இத்தனை படித்துவிட்டு உதவியாள்!

ஜூன் 8, ஞாயிறு

பெட்டியோடு வந்தாள். அவள் அப்பா பஸ் நிலையம் வரை கூட்டிப்போக நின்றுகொண்டிருந்தார். "பாட்டி, போயிட்டு வரேன்." நான் "சரி" என்றேன். நாள் முழுக்க ஓயாத வாய். அந்த நேரத்தில் ஒரு "சரி". வாசல் வரைகூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மியூசியத்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே வைக்கோலில் சுற்றி வாளைத் தலை, செவுள் கொத்து. கூட ஒரு தாள்: விதிப்படி சந்தையில் வாங்கிய மாதிரிகளை வைத்திருக்க இயலாததால் திருப்பி அனுப்பப்படுகிறது. வாங்கிப் பதம் செய்தவர் — அவள் பேர். அறுத்தவர் — என் பேர், தகப்பனார் பேரின் முதலெழுத்தோடு, ஒரு எழுத்துப் பிசகில்லாமல். கீழே பெற்றுக்கொண்டதாக என் கையெழுத்து.

உண்மை எழுதினால் மீனுக்கே இடமில்லை. பொய்யாய் இருந்தவரை மண்டபத்தில் இருந்தது. இதுதான் இவர்கள் விதி. எதிர்க்கடைக்காரி நேற்று பார்த்தாளாம், பெட்டியில் சுறாவின் செவுள் மட்டும் நிற்கிறது, பக்கத்தில் வெறும் ஆணிகள்.

தலையை என் கடைச் சுவரில் மாட்டிவிட்டேன். தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டினேன். மீன் வாங்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். "யாருக்கா இது?" என்று பேத்தியின் பேரைக் காட்டிக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் போன் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னோடு பேச வேண்டும் என்றாள். கடலில் இறங்கினாளாம். சுறா பக்கத்தில் வந்ததாம்.

"வாயைத் திறந்துச்சு பாட்டி. உள்ள பார்த்தேன். ஒரு அறை மாதிரி இருட்டு. எனக்குப் பயமே வரல. உன் கடையில வாளை வாயைப் பார்த்து வளர்ந்தவ இல்ல நான்."

"கிட்டப் போகாதடி. பல் இருக்குன்னு நீதானே சொன்னே."

"உன்னைவிடக் கம்மிதான்" என்றாள்.

 மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. லைன் கரகரவென்றது. வைத்துவிட்டாள்.

மத்தியானம் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நாளைக்குத் தபாலில் போட வேண்டும். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

சின்னவளுக்கு. நான் சௌக்கியம். கோபம் இன்னும் தீரவில்லை. அந்த ஆள் மேல் தீராது, உன் மேல் பாதி தீர்ந்தது, என் மேல் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கு உன் முகம் சுண்டியதைப் பார்த்தும் நான் பேசினேன். பேசியது சரி. பார்த்தும் பேசியது சரியில்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வராது, நான் ஐந்தாவது. வாளைத் தலை கடையில் இருக்கிறது. உன் பேரைப் படிக்கிறவர்கள் பெண் எப்படி இருப்பாள் என்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது உன் பள்ளிக்கூட போட்டோ, ரெட்டைச் சடையோடு. அதைக் காட்டினால் இந்தக் குழந்தையா என்று சிரிக்கிறார்கள். புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. என் போனில் படம் தெரியாது. படகில் நிற்கிற மாதிரி, தலை நனைந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சுறா பாதி தெரிந்தால் போதும். உன் முகம் முழுசாகத் தெரிய வேண்டும்.